பத்தியம் எத்தனை நாள்

இருபத்தெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இனிமேல் புதிதாக ஒரு தொல்லையும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருதய வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் என்று பெயர். காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறுவேன். உட்கார இடம் கிடைத்தால் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஒரு குட்டித் தூக்கம். திருச்சியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் உட்காருவது டீ குடிக்கும் ஐந்து நிமிஷம்தான். நரம்பு சுருண்ட கால்களுடன் இன்னும் சில வருஷம் ஓட்டிவிட்டு, ரிட்டயர் ஆகி, பகலில் படுத்துத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தது.

தரச் சான்றிதழுக்காக வெளியிலிருந்து சிலர் வந்து எங்கள் ஃபைல்களைப் புரட்டினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு நோயாளியின் ஃபைலிலும் ஒரு தாள் இருக்கும். மாத்திரை பற்றிச் சொல்லப்பட்டதா, உணவு பற்றிச் சொல்லப்பட்டதா, நடைப்பயிற்சி பற்றிச் சொல்லப்பட்டதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் ‘பாலியல் வாழ்க்கை குறித்து ஆலோசனை வழங்கப்பட்டதா’ என்று கேட்கும். எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். நாங்கள் எல்லோருமே பேனாவை எடுத்தால் மேலிருந்து கீழ்வரை ‘ஆம்’ கட்டத்தில் ஒரே வீச்சில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அந்தக் கடைசி வரியை நான் ஒருமுறையாவது படித்தேனா என்று கேட்டால் சத்தியமாக இல்லை.

வந்தவர்களில் ஒரு அம்மா கெட்டிக்காரி. ஃபைலை மூடி வைத்துவிட்டு நேரே ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் போய், “இந்த விஷயத்தைப் பத்தி சிஸ்டர் உங்ககிட்ட பேசினாங்களா?” என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷனுக்கு அன்றுதான் மானிட்டரைக் கழற்றியிருந்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. “சேச்சே, இந்தப் புள்ளைங்கள்லாம் அப்படிப்பட்டதுங்க இல்லைங்க” என்று எங்களுக்கு நற்சான்றிதழ் கொடுத்தார். சான்றிதழ் கேட்டு நின்றவர்களுக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

இரண்டு நாள் கழித்து எங்கள் இருதய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “நீங்களே புள்ளைங்களுக்கு ஒரு கிளாஸ் எடுத்துருங்க சிஸ்டர். டிஸ்சார்ஜ் ஆகறவங்ககிட்ட இதை எப்படிப் பேசறதுன்னு.”

“சார், நான் கல்யாணமே பண்ணிக்காதவ. நான் என்ன சார் சொல்லித் தர்றது?”

“எனக்கு ஹார்ட் அட்டாக் வந்ததில்ல. நான் சொல்லலையா?” என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

சனிக்கிழமை மதியம் காலை டியூட்டி முடிந்ததும் வகுப்பு என்று முடிவானது. ஆறு பெண்கள், ஒரு பிரதர். ஆண் நர்ஸை எங்கள் பக்கம் பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். பாதிப் பேருக்குக் கண் சொக்கும். எனக்கும்தான். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் தூக்கம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரதர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாக ஆராய்ந்தார். எனக்குக் கோபம் வந்தது. “நெஞ்சைப் பொளந்து பாத்திருக்கீங்க, யூரின் டியூப் போடுறீங்க, அதுக்கெல்லாம் வராத வெக்கம் இதுக்கு எங்கேருந்து வருது?” என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, எனக்கும் காது சூடாகித்தான் இருந்தது.

வாரா வாரம் நான் தாமதமாக வருவதைப் பார்த்து ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கார மாமி கேட்டார். “ஏண்டிம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை அப்படி என்ன காலக்ஷேபம் நடக்கறது அங்கே?”

“இருதய நோய் பத்தி கிளாஸ் மாமி.”

“நல்ல கைங்கர்யம். பெருமாள் க்ஷேமமா வைக்கட்டும்” என்றார். நான் வேகமாக மாடிக்கு ஏறிவிட்டேன்.

முதல் இரண்டு வாரமும் வார்த்தை தேடுவதிலேயே போயிற்று. இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னால் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ‘உடலுறவு’ என்றால் பேப்பரில் வரும் போலீஸ் கேஸ் மாதிரி இருக்கிறது என்றார்கள். ‘தாம்பத்யம்’ வாரப் பத்திரிகையின் டாக்டர் பதிலாம். ‘சேர்க்கை’ என்று எழுதினேன். “அது ஜூன் மாசம் காலேஜுல நடக்கறது மேடம்” என்றாள் எடமலைப்பட்டி புதூரிலிருந்து வரும் ஒரு பெண். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில் பிரதர்தான் உதவினார். ஆம்பளை நோயாளிகள் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும்போது அவரிடம் கேட்பார்களாம்: “தம்பி, இனிமே வீட்டுல ஒண்ணா இருக்கலாமா?” அதையே வைத்துக்கொண்டோம். புருஷன் பொண்டாட்டியா ஒண்ணா இருக்கறது. இதைவிடச் சுத்தமான வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் கொஞ்சம் வேகம் பிடித்தது. திரையை இழுத்துவிடு, ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு, சுற்றி வளைக்காதே. கூட மாமியாரோ அம்மாவோ இருந்தால் ஃபார்மஸிக்கு அனுப்பு. அங்கே இருக்கும் வரிசைக்கு அரைமணி நேரம் உறுதி. இரண்டு மாடி நிற்காமல் ஏறி, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வரவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் பயப்பட வேண்டியதில்லை, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று சொல். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வாங்குகிறவர் வீரியத்துக்கென்று மருந்துக்கடையில் தானாக எதையும் வாங்கிப் போட்டுவிடக் கூடாது என்பதைக் கட்டாயம் சொல். இதையெல்லாம் ஒருவரை நோயாளியாகப் படுக்க வைத்து நடித்துப் பழகினோம். பிரதர் நோயாளியாகப் படுத்தால் மட்டும் வகுப்பு நடக்காது.

நான்காம் வாரம் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தேன். இந்த விஷயத்தை நோயாளிகள் நேரடியாகக் கேட்பதில்லை. சுற்றி வளைத்து எப்படிக் கேட்கிறார்கள், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதச் சொன்னேன். ‘எல்லாம் செய்யலாமா’ என்று கேட்பார்கள், ‘பழையபடி இருக்கலாமா’ என்று கேட்பார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் இப்படி இருந்தது: ‘பத்தியம் எத்தனை நாள் என்று கேட்பார்கள். நான் டயட் ஷீட்டைக் கொடுத்துவிடுவேன். இதுவும் அதுதானா என்று தெரியவில்லை.’

எழுதியவள் பாலக்கரைப் பெண். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா அங்கே நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார்.

“பத்தியம்னா சாப்பாடுதானேம்மா?” என்றேன்.

“இல்லீங்க மேடம். எங்க அத்தா மருந்து கட்டிக் கொடுக்கறப்ப, புளி கூடாது, கருவாடு கூடாது, கத்திரிக்கா கூடாதும்பாங்க. அப்புறம் ஆம்பளைங்களா இருந்தா குரலைத் தணிச்சு, ‘பத்தியம்னா எல்லாந்தான், வீட்டுலயும் தள்ளி இருக்கணும்’பாங்க. பழைய ஆளுங்களுக்கு அதைத் தனியா சொல்லவே வேணாம் மேடம். பத்தியம்னாலே அது உள்ள இருக்கு.”

எனக்கும் இது தெரியாததல்ல. சின்ன வயதில் மஞ்சள் காமாலைக்கு மருந்து வாங்கிய வீடுகளில் கேட்டதுதான். ஆஸ்பத்திரியில் டயட் என்பதற்குத் தமிழ் கேட்டபோது யாரோ பத்தியம் என்று போட்டார்கள். எங்கள் தாளின் தலைப்பும் அப்படித்தான் அச்சானது. அதைக் கொடுத்துக் கொடுத்து, எனக்கு அந்த வார்த்தையில் உப்பும் எண்ணெயும் மட்டும்தான் மிச்சமிருந்தன. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் சமயபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். கோயில் பக்கம் அர்ச்சனைத் தட்டுக் கடை. நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, மனைவி ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு ஸ்டென்ட் வைத்தோம். டிஸ்சார்ஜ் அன்று அவர், மனைவி, அவருடைய அம்மா மூவரையும் நிற்க வைத்து நானேதான் எல்லாம் சொன்னேன். வார்டில் அன்றைக்கு இரண்டு பேர் லீவு. நான் டயட் ஷீட்டை நீட்டியபோது அந்தப் பெண் என் பக்கம் வந்து, புருஷனுக்குக் கேட்காத குரலில், “பத்தியம் எத்தனை நாளைக்குங்க சிஸ்டர்?” என்று கேட்டார்.

“இதெல்லாம் நாள் கணக்கு இல்லம்மா. ஆயுசுக்குந்தான்” என்றேன். கண்டிப்பாகச் சொன்னால்தான் ஊறுகாயை விடுவார்கள் என்பது என் அனுபவம். “ஒரு நாள் விட்டாலும் உசுருக்குத்தான் ஆபத்து” என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அந்த முகம் அப்படியே இறங்கிப்போயிற்று. ஊறுகாய்க்கு இவ்வளவு வருத்தமா என்று நான் மனதுக்குள் சிரித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் நின்ற மாமியார், “சிஸ்டரே சொல்லிட்டாங்கல்ல, கேட்டுக்க” என்றார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை ரெக்கார்ட் ரூமில் அந்த ஃபைலைத் தேடி எடுத்தேன். கடைசி வரிக்கு எதிரே ‘ஆம்’ கட்டத்தில் என் டிக், கீழே என் கையெழுத்து. பாலியல் வாழ்க்கை குறித்து ஆலோசனை வழங்கப்பட்டதா என்றால், வழங்கப்பட்டிருக்கிறது; ஆயுசுக்கும் கூடாது என்று வழங்கப்பட்டிருக்கிறது. அங்கேயே ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருகிறவர்கள். ஒவ்வொரு முறையும் எனக்கென்று சமயபுரத்துக் குங்குமம் ஒரு பொட்டலம் கொண்டுவருவார்கள். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நல்லா இருக்கீங்கல்ல?” என்பேன். “உங்க புண்ணியத்துலங்க” என்பார் அவர். அந்தப் பெண் எப்போதும் இரண்டடி தள்ளி நிற்பார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபைலில் போன் நம்பர் இருந்தது. இரண்டு முறை நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அவரே எடுத்தால் என்னவென்று ஆரம்பிப்பது? அடுத்த செக்கப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எல்லாமே நானாகக் கற்பனை செய்வதாக இருக்கலாம், அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள், எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்கிறோம் என்று பஸ்ஸில் என்னையே சமாதானம் செய்துகொள்வேன். பாலம் தாண்டுவதற்குள் வரும் தூக்கம் அந்த மூன்று வாரமும் வரவில்லை.

செக்கப் நாளான வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். டாக்டரிடம் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் நடக்க வைத்து, எக்கோ பார்த்து, “இவருக்கு ஒரு தடையும் இல்ல சிஸ்டர், எப்பவுமே இருந்ததில்ல” என்றார். நான் புருஷனை ஈ.சி.ஜி. அறைக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்டூல் போட்டேன். பிள்ளைகளுக்கு எதையெல்லாம் செய்யக் கூடாது என்றேனோ அதையெல்லாம் நான் செய்தேன். சமையல் எப்படி, தூக்கம் எப்படி, சமயபுரத்தில் கூட்டம் எப்படி என்று ஊரைச் சுற்றினேன். கடைசியில்தான் கேட்டேன்.

“பத்தியம் எப்படிங்க போகுது?”

“நீங்க சொன்ன மாதிரியேதாங்க சிஸ்டர்.”

“சாப்பாட்டுப் பத்தியமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எல்லாப் பத்தியமுந்தாங்க.”

இனி ஒளிய இடமில்லை. “அன்னிக்கு நான் உப்பையும் எண்ணெயையும்தாம்மா சொன்னேன். நீங்க வேற ஒண்ணு கேட்டிருக்கீங்க, எனக்குப் புரியல. புருஷன் பொண்டாட்டியா ஒண்ணா இருக்கறதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஒரு தடையும் இல்ல. அப்பவே ஒண்ணு ரெண்டு மாசத்துல இருந்திருக்கலாம். டாக்டரும் இப்ப பாத்துச் சொல்லிட்டாரு.”

அவர் டிராலியில் இருந்த பஞ்சு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதச் சொல்ல நாலு வருஷமாங்க சிஸ்டர்?”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அன்னிக்கு வீட்டுக்குப் போனதுமே எங்க அத்தை கட்டிலத் தள்ளிப் போட்டுட்டாங்க. நடுவுல அவங்க பாய விரிச்சுப் படுத்துக்கிட்டாங்க. அவருகிட்ட, ராத்திரில உனக்கு ஏதாச்சும்னா பக்கத்துல ஆள் வேணும்லன்னு சொல்லிட்டாங்க. அவங்க இருந்தவரைக்கும் அவங்க காவல் காத்தாங்க. போன வருஷம் அவங்க போய்ச் சேந்தப்புறம் நானே காத்தேன்” என்றார். “ஒரு தடவ அவரு கேட்டாரு, என்னை உனக்குப் புடிக்கலையான்னு. புடிக்காமயாங்க அன்னிக்கு அவரைத் தூக்கிட்டு ஓடியாந்தேன்? ஆனா வாயத் தொறக்கல. தொறந்தா நானே எளகிருவேன், அவருக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். பேசாம அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அதுலேருந்து அவரு கேக்கறதே இல்லைங்க. இப்பல்லாம் கடையிலயே படுத்துக்கறாரு. கேட்டா சரக்குக்குக் காவல்ங்கறாரு.”

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

“அவர்ட்ட நீங்களே சொல்லிருங்க சிஸ்டர். நான் சொன்னா, இத்தன வருஷம் கழிச்சு இவளா ஒரு கதை கட்டறான்னு நெனைப்பாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஃபார்மஸிக்குப் போனார்.

ஈ.சி.ஜி. முடிந்து அவருடைய புருஷன் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். மெலிந்த மனுஷன். தேங்காயும் மஞ்சளும் கையாண்டு கையாண்டு விரல் நகமெல்லாம் மஞ்சள். இந்த முறை நான் சுற்றி வளைக்கவில்லை. அந்தத் தெம்பு எனக்கு இல்லை. டிஸ்சார்ஜ் அன்று உங்கள் மனைவி என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். “பத்தியம்னு நீங்க உப்பைத்தானே சொன்னீங்க சிஸ்டர்? எனக்கு அன்னிக்கே தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்களுக்கு அப்படிப் படலைங்க. ஒண்ணா இருந்தா உங்க உசுருக்கு ஆபத்துன்னு நான் சொன்னதா எடுத்துக்கிட்டாங்க. அதுக்காகத்தான் இத்தனை வருஷமும்.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“அப்ப அவளுக்கு என்னைப் புடிக்காம இல்ல” என்றார்.

தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர் போல என் முகத்தையே பார்த்தார்.

“இல்லைங்க. ஒரு நாளும் இல்லைங்க” என்றேன். “தப்பு முழுக்க என்னுது. மன்னிச்சுக்கங்க.”

“விடுங்க சிஸ்டர். நீங்களும் எத்தனை பேரைப் பாக்குறீங்க.”

மூன்று வாரமாகப் பஸ்ஸில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. அவர் வாயால் கேட்டபோது தாங்க முடியவில்லை. ஒரு திட்டு, ஒரு கேள்வி, டாக்டரிடம் ஒரு புகார், எதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் எழுந்து போனார். திறந்த கதவு வழியாக ஃபார்மஸி வரிசை தெரிந்தது. அந்தப் பெண் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தார். புருஷன் போய்ப் பக்கத்தில் நின்றார். மனைவியின் கையில் இருந்த எக்ஸ்ரே கவரையும் ஃபைல் பையையும் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள். எப்போதும் இருக்கும் அந்த இரண்டடி இடைவெளி இந்த முறை இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதா, நான் ஆசைப்பட்டேனா தெரியவில்லை.

நான் டிராலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் இதைச் சொல்லியாக வேண்டும். யார் செய்த தப்பு என்பதையும் சேர்த்து. தலைப்பை மாற்றி டயட் ஷீட்டைப் புதிதாக அடிக்க வேண்டும். வார்டில் யாரோ மணி அடித்தார்கள். திரும்பும்போது கடைக்காரர் வேகமாக மறுபடி உள்ளே வந்தார்.

“மறந்தே போயிட்டேன் சிஸ்டர்” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து டிராலியின் மேல் வைத்துவிட்டுப் போனார். வழக்கம்போல் சமயபுரத்துக் குங்குமம். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.